ஒரு குழந்தை எத்தனை வோல்ட்?

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வால்பிப் பேட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "தூராவா? அம்மாடி!" என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். மேல்வீட்டு எஸ்கில் எனக்குப் பழக்கமானதே அந்தக் கோபத்தால்தான்.

எழுபத்திரண்டாம் வருஷம் என் வீட்டுக்கு மேல்வீட்டில் ஒரு இளம் ஜோடி குடிவந்தது. வந்த நாளிலிருந்து நிம்மதி போயிற்று. தடதடவென்று தரையை மிதிப்பார்கள். நாற்காலியைத் தரதரவென்று இழுப்பார்கள். அலமாரிக் கதவை அறைகிற அறையில் என் வீட்டுக் கோப்பைகள் குலுங்கும். நான் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, கட்டையால் சீலிங்கை இரண்டு இடி இடிப்பேன். மேலேயிருந்து பதிலுக்கு இரண்டு மிதி வரும். மூன்று இடித்தால் மூன்று. என்ன திமிர் பாருங்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வாரம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை துடைப்பமும் கையுமாகவே மாடியேறிப் போய் மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவனுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். ஒல்லி, சிவந்த மூக்கு, முகம் நிறையச் சிரிப்பு. நான் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் என் வாயைப் பார்த்தான், துடைப்பத்தைப் பார்த்தான், பிறகு காதைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டினான். திரும்பிக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினான். அடுப்படியில் நின்றிருந்த அவன் மனைவி அந்த அதிர்வு காலில் பட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான். என் துடைப்ப இடி உள்ளங்காலில் தெரிந்ததும், கீழ்வீட்டு அம்மாள் எவ்வளவு அன்பானவள், தினமும் வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து, மரியாதைக்குப் பதில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்!

காது கேளாதோர் கிளப்பில் இந்தக் கதை ஒரு வருஷம் ஓடியது. அவர்கள் வழக்கப்படி எனக்கு ஒரு சைகைப் பெயரும் வைத்தார்கள்: கட்டையைப் பிடித்த மாதிரி முஷ்டியை மடக்கி, மேல்நோக்கி இரண்டு இடி. வார்த்தையில் சொன்னால் 'துடைப்பம்'. இன்றுவரை அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் நடப்பதே வேறு.

எஸ்கில் வேலைக்குச் சேர்ந்ததும் நான் வேலை செய்த தொழிற்சாலையில்தான். காது கேட்கும் கருவி செய்கிற தொழிற்சாலை. நான் ஒலிபுகா அறையில் உட்கார்ந்து, செய்து முடித்த கருவிகளைக் காதில் வைத்துச் சோதிப்பவள். அவன் கூடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பற்றவைப்பவன். வழுக்கைத் தலையன் சீப்புக் கடை வைத்த மாதிரி இருக்கிறது என்று உணவுக்கூடத்தில் ஒருவன் கிண்டல் செய்தான். எஸ்கில் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினான்: "சர்க்கரை வியாதிக்காரனை மிட்டாய்க் கடையில வேலைக்கு வெச்சா திருடித் தின்ன மாட்டான். முதலாளிக்கு லாபம்தானே?" அதற்குப் பிறகு அவனிடம் யாரும் வாலாட்டவில்லை.

அவன் ஜூட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு மீனவனுடைய மகன். பள்ளியில் எட்டு வருஷம் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் வாயைக் கோணிக்கோணிப் பேசப் பழக்கினார்கள். கையை அசைத்தால் அடி. பதின்மூன்று வயதில் யாரோ தூக்கிப்போட்ட ரேடியோப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்ததாம். உள்ளே சுற்றுப்படங்கள். கோடு, முடிச்சு, குறி. வாயைத் திற என்று சொல்லாத முதல் பாடம் அதுதான் என்று பின்னால் என்னிடம் சொன்னான். நான் டாக்னியிடம் சைகை கற்றுக்கொண்டு, அவன் கதையைத் தடவித்தடவிப் புரிந்துகொள்ள ஒரு வருஷம் பிடித்தது.

டாக்னி அவன் மனைவி. தையல்காரி, வாயாடி. கையால் வாயாடுவது எப்படியென்று அவளைப் பார்த்தால்தான் தெரியும். எழுபத்துமூன்று அக்டோபரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரிக்கெ என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்குக் காது கணீரென்று கேட்டது. கதவு சாத்தினால் திடுக்கிடும்.

இரவில் டாக்னி ஒரு ரிப்பனின் ஒரு முனையைக் குழந்தையின் காலிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படுப்பாள். குழந்தை உதைத்தால் இவள் எழுந்துவிடுவாள். பகலில் அது முடியாது. தையல் மிஷினோடு குழந்தையைக் கட்டிவைக்க முடியுமா? ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்து வருவாள். நவம்பரில் ஒரு நாள் அவசரமாக ஒரு கோட்டை முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. போய்ப் பார்க்க மறந்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்து அவளுடைய அக்கா கெர்டா ரோஸ்கில்டே ஊரிலிருந்து வந்தாள். கெர்டாவுக்குக் காது கேட்கும். அவள் மாடிப்படி ஏறும்போதே குழந்தை வீறிடுவது கேட்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் குழந்தை அழுதழுது முகம் நீலம் பாரித்துக் கிடக்க, பக்கத்து அறையில் டாக்னி தைத்துக்கொண்டிருந்தாள்.

கெர்டா கெட்டவள் இல்லை. குழந்தை இல்லாதவள், வசதியுள்ளவள், தங்கையை வளர்த்தவளும் அவள்தான். நடந்துவந்து பாவாடையைப் பிடித்து இழுக்கிற வயசு வரைக்கும் ரிக்கெ என்னிடம் இருக்கட்டும் என்றாள். அந்தக் காலத்தில் அப்படி நடப்பது சகஜம்தான். சில மாதங்களுக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் அரசாங்கத் தாதி திருமதி ஸ்கோரூப்பிடமும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாளிடம் ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு கேள்வி: 'இந்த வீட்டில் குழந்தை அழுதால் கேட்பவர் யார்?' அந்த இடம் காலியாகவே இருந்தது. திருமதி ஸ்கோரூப் நெடுநேரம் யோசித்து, அங்கே பென்சிலால் 'கெர்டா' என்று எழுதினாள். பிப்ரவரியில் மறுபடி வந்து முடிவு செய்வேன், அதுவரைக்கும் குழந்தை இங்கேதான், இது பென்சில்தான் என்றாள். டாக்னி அந்தப் படிவத்தைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

மறுநாள் உணவுக்கூடத்தில் எஸ்கில் ரை ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"துடைப்பம், ஒண்ணு கேக்கணும். ஒரு குழந்தை எத்தனை வோல்ட்?"

நான் சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி கேட்டேன். அதே கேள்விதான். பிறகு சட்டைப் பையிலிருந்து விரல் நகம் அளவில் கறுப்பாக, எட்டுக் கால் வைத்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். ஆப்-ஆம்ப் என்கிற ஐ.சி. அப்போதுதான் அது சம்பளக்காரர்கள் வாங்குகிற விலைக்கு இறங்கியிருந்தது.

இரண்டு கைகளையும் நீட்டினான். இடது கை அசையாமல் நின்றது.

"இது நாம வெக்கிற அளவு. நகராது. இந்த வலது கை சத்தம். ஏறும், இறங்கும். இந்தப் பூச்சிக்கு ரெண்டு மூக்கு. ஒண்ணுல அளவு, இன்னொண்ணுல சத்தம். எது ஒசத்தின்னு மட்டும்தான் பாக்கும். சத்தம் ஒரு மயிரிழை மேல போனாலும் அதை ரெண்டு லட்சம் மடங்கு பெருக்கி, 'ஆமா'ன்னு உச்சிக்கே போயிடும். கீழ வந்தா 'இல்ல'. நடுவுல பேச்சே கிடையாது."

அந்த 'ஆமா'வை வைத்து ரிலே என்கிற காந்த சுவிட்சை இழுத்து, விளக்கை எரியவைக்கலாம். தொட்டிலுக்கு மேலே மைக், அடுப்படியில் விளக்கு. குழந்தை அழுதால் வெளிச்சம். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட மைக்குகள் கூடை கூடையாய் இருந்தன; மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டான். அளவு என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. தன் மகளின் சத்தம் எவ்வளவு பெரிது என்று அவனுக்குத் தெரியாது. வாழ்நாளில் ஒரு சத்தத்தைக்கூடக் கேட்காத ஒருவன், இதற்கு மேல் அழுகை, இதற்குக் கீழ் அமைதி என்று கோடு கிழிக்க உட்கார்ந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் டாக்னி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் சோதனை அறைக்குள் மூவரையும் விட்டுக் கதவைச் சாத்தினேன். சத்தத்தைக் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் மைக்கை மாட்டினான் எஸ்கில். வட்டத் திரையில் ஒரு பச்சைக் கோடு ஆடாமல் அசையாமல் கிடந்தது. ரிக்கெ பசியில்தான் வந்திருந்தாள். உதட்டைப் பிதுக்கினாள், மூச்சை இழுத்தாள், அலறினாள். கோடு வெடித்து எழுந்து திரை முழுவதும் நிறைந்தது.

டாக்னி ஒரு அடி பின்னால் போய்விட்டாள். எஸ்கில் திரைக்கு அரையடி தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். பச்சை வெளிச்சம் அவன் கண்ணில் ஆடியது. குழந்தை மூச்சுக்கு நிறுத்தினால் கோடு படுக்கும், மறுபடி எழும். அவன் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தான்.

"இங்க மூச்சு விடறா," என்றான். அப்புறம் மகளைத் திரும்பிப் பார்த்தான். "இத்துனூண்டு உடம்புக்கு இவ்ளோ பெரிய சத்தமா?"

"ஊரையே கூட்டுவா உம் பொண்ணு," என்றேன்.

"யாருகிட்டயிருந்து வந்தது இந்தத் தொண்டை?" என்று டாக்னி கணவனைப் பார்த்துக் கேட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. இருபது வருஷமாக அந்தத் திரையைப் பார்க்கிறேன். தினம் நூறு கோடு பார்க்கிறேன். ஒரு மனிதக் குரல் இத்தனை பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

எட்டு மில்லிவோல்ட் என்று திரையின் கட்டங்களை எண்ணிச் சொன்னான் எஸ்கில். முந்நூறு மடங்கு பெருக்கினால் இரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அமைதியான வீட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. ஆகவே அளவை ஒரு வோல்ட்டில் வைக்கலாம் என்று முடிவு செய்தான்.

டிசம்பரில் வேலை முடிந்தது. ரொட்டி டப்பா ஒன்றுக்குள் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒன்று பெருக்கவும் மற்றது ஒப்பிடவும் இரண்டு ஐ.சி., அளவைக் கூட்டிக்குறைக்க ஒரு திருகு. விளக்கு என்று வைத்தது சிவப்புக் குடை போட்ட மேசை விளக்கு. கல்யாணத்துக்குக் கெர்டா கொடுத்த பரிசு அது. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்று பேரும் அடுப்படி மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் மணி கழித்துப் படுக்கையறையில் குழந்தை சிணுங்கியது எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. சிணுங்கல் அழுகையானது. டப்பாவுக்குள் 'டக்' என்றது. விளக்கு எரிந்தது. டாக்னி எழுந்து ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன்.

திங்கட்கிழமை எல்லாம் கெட்டது. நானும் எஸ்கிலும் வேலைக்குப் போய்விட்டோம். டாக்னி தனியாக இருந்தாள். விளக்கு எரிந்தது, ஓடினாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எரிந்தது. அன்றைக்கு முப்பத்தாறு தடவை ஓடினாளாம். சாயங்காலம் நாங்கள் வந்தபோது விளக்கின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவைத்திருந்தாள்.

எஸ்கில் ஐ.சி.யை மாற்றினான். பற்றவைத்த இடங்களையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தான். மறு ஞாயிறு சோதித்தால் தங்கமாக வேலை செய்தது. திங்கட்கிழமை மறுபடி பைத்தியம் பிடித்தது. அளவை நிறைய ஏற்றிப் பார்த்தான். குழந்தையின் அழுகையும் தப்பிப்போனது. இறக்கினான். இப்படி நான்கு ஞாயிறு, நான்கு திங்கள். கிறிஸ்துமஸ் வந்து போனது. ஜனவரியில் அவன் கன்னம் ஒட்டிப்போயிற்று.

"எனக்கு எங்க தப்புன்னே தெரியல," என்றான் என்னிடம். "படத்துல தப்பு இல்ல. கையில தப்பு இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் கடவுள் வந்து சரிபண்றாரா?"

டாக்னி குழந்தையின் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். கெர்டா வீட்டுக்கு அனுப்ப.

இந்தச் சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வீட்டில் படுத்திருந்தேன். காலை எட்டு மணிக்குத் தெருவில் பீர் லாரி போனது. காலிப் பெட்டிகள் கலகலவென்று உருள, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உடனே மேல்வீட்டில் தடதடவென்று ஓட்டம், தொட்டிலை நோக்கி. ஓட்டம் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி ஓட்டம். அடுத்த லாரி. மறுபடி ஓட்டம். டாக்னி தொட்டிலுக்கு ஓடுகிற சத்தமே மைக்கில் ஏறி, அவளை மறுபடி ஓடவைத்துக்கொண்டிருந்தது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் பெட்ரோல் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கார், லாரி ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. ஜனங்கள் நடுரோட்டில் குழந்தைவண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு வாழ்நாளில் அப்படி அமைதியாக இருந்ததில்லை. எஸ்கில் தன் அளவை வைத்தது அந்த அமைதியில்! அவனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். சரி, அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதா? காதை வைத்துச் சம்பளம் வாங்குகிறவள், நான்கு ஞாயிறு அந்த மேசையில் உட்கார்ந்து காபி குடித்தவள்! வெட்கத்தில் காய்ச்சலே விட்டுப்போன மாதிரி இருந்தது.

சாயங்காலம் அவன் வந்ததும் மேலே போய்ச் சொன்னேன். அவன் என் கைகளையே பார்த்தான்.

"லாரி போறது வெளியிலதானே?" என்றான்.

"ஆமா."

"நாம உள்ள இருக்கோம். நடுவுல சுவர் இருக்கு."

"சத்தம் சுவரைத் தாண்டி வரும் எஸ்கில்."

அவன் சுவரைப் பார்த்தான். எழுந்து போய் அதைத் தடவினான். சுவர் வெளிச்சத்தை நிறுத்துகிறது, காற்றை நிறுத்துகிறது, சத்தத்தை மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டான். அடுத்த வீட்டுக்காரன் பேசுவதும் கேட்குமா என்றான். கேட்கும் என்றேன். குழாயில் தண்ணீர் போவது? கேட்கும். குளிர்பெட்டி? அதுவும் முனகும். தாங்கள் நடப்பது, நாற்காலி இழுப்பது, கரண்டியைக் கீழே வைப்பது? ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்ட ஆட்ட, அவன் தன் வீட்டையே புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி சுற்றிலும் பார்த்தான்.

"அப்போ நீங்கள்லாம் எப்பவுமே இதுக்கு நடுவுலதான் இருக்கீங்களா? எப்படித் தூங்கறீங்க?" என்றான்.

டாக்னி கையால் வாயை மூடிக்கொண்டாள். "ஒன்றரை வருஷமா இவ தலைமேல குதிரை ஓட்டியிருக்கோமே!" என்றாள்.

மறுநாளும் நான் லீவு போட்டேன். அவனும் போட்டான். நான் காது, அவன் மீட்டர். மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிற ஒவ்வொன்றையும் நான் சொல்லச்சொல்ல, அவன் வோல்ட்டை எழுதினான். லாரி ஒன்று புள்ளி மூன்று. தரையில் மிதித்தால் மூன்று வரை பாயும், ஆனால் கண்ணிமைக்கிற நேரம்தான். அழுகை இரண்டரைக்குப் பக்கத்தில், நிமிஷக்கணக்கில் நீளும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர்கள் எஸ்கிலைப் பார்த்ததில்லை. ஒரே நாளில் எங்கள் தெருவின் சத்தத்தையெல்லாம் அவன் ஒரு தாளில் கொண்டுவந்துவிட்டான். நாற்பத்தைந்து வருஷம் அதே சத்தத்தைக் கேட்ட எனக்கு அதில் பாதி அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஒரு பெரிய கெப்பாசிட்டரை வைத்துச் சத்தம் மெதுவாக நிரம்பும்படி செய்தான். மிதி அதை நிரப்புவதற்குள் முடிந்துவிடும். லாரி போனால் ஒன்று புள்ளி மூன்று வரை வந்து நிற்கும். அளவை ஒன்று புள்ளி ஆறுக்கு ஏற்றிவிட்டான். அழுகை மட்டும் தாண்டும். ஆனால் தாண்டிய பிறகு ஒரு கோளாறு. குழந்தை ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் மின்னழுத்தம் அளவுக்குக் கீழே விழும், மறுபடி ஏறும். ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டது. எஸ்கில் விரலை வைத்து அதை உணர்ந்தான். விளக்கு மினுக்மினுக்கென்று துடித்தது. பார்க்கிற டாக்னிக்கு, குழந்தை அழுகிறதா, டப்பா உளறுகிறதா என்று தெரியாது.

அதற்கு அவன் செய்தது ஒரே ஒரு ரெசிஸ்டர். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. ஐ.சி.யின் வெளிவாயிலிருந்து திரும்ப அதன் மூக்குக்கே ஒரு இணைப்பு. இப்போது ஒன்று புள்ளி ஆறுக்கு மேல் போனால் எரியும். ஆனால் அணைய வேண்டுமென்றால் முக்கால் வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். மூச்சு விடுகிற இடைவெளியில் அவ்வளவு இறங்காது. விளக்கு நின்று எரிந்தது.

எனக்குத் திகைப்பாக இருந்தது. ஒரு துண்டுக் கம்பியும் ஒரு மணியும் போட்டால் அந்தப் பூச்சிக்குத் தான் சொன்னது ஞாபகம் இருக்குமா?

"அதேதான்," என்றான். "நம்பறதுக்கு முன்னாடி நல்லா யோசிக்கணும். நம்பிட்டா, அவ மூச்சு வாங்கறதுக்கெல்லாம் சந்தேகப்படக் கூடாது."

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குத் திருமதி ஸ்கோரூப் வந்தாள். கெர்டா காரிலேயே வந்திருந்தாள், பின் சீட்டில் குழந்தைக் கூடையோடு. எஸ்கிலும் நானும் லீவு போட்டிருந்தோம்; அவன் ஒரு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். டாக்னி காபி போட்டாள். குழந்தை படுக்கையறையில் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தியிருந்தார்கள்.

திருமதி ஸ்கோரூப் படிவத்தை மேசைமேல் விரித்தாள். பென்சிலில் கெர்டாவின் பெயர் அப்படியே இருந்தது. பார்க்கலாம் என்றாள். காத்திருந்தோம். ஒரு பீர் லாரி போனது. விளக்கு எரியவில்லை. கெர்டா வேண்டுமென்றே எழுந்து போய்ப் படுக்கையறை வாசலில் காலை ஓங்கி மிதித்தாள். எரியவில்லை.

"பாத்தீங்களா, செத்துக் கிடக்கு," என்றாள் கெர்டா.

"எரியக் கூடாதுன்னுதான் செஞ்சிருக்கான்!" என்றேன். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நல்ல எண்ணத்தில்தானே கேட்கிறேன் என்றாள் அவள். நல்ல எண்ணம் ஊரில் ஏராளம் என்றேன் நான். குழந்தை நீலமாய்க் கிடந்ததைப் பார்த்தவள் நீயா நானா என்றாள். ஒரு நாள் மறதிக்கு ஒரு பிள்ளையையே விலை கேட்பாயா என்றேன். திருமதி ஸ்கோரூப் இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள், சட்டம் என்ன சொல்கிறதென்றால் என்று ஆரம்பித்தாள். அவளையும் பேசவிடவில்லை நாங்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

கெர்டாதான் முதலில் நிறுத்தினாள். அவள் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, துடிக்காமல், ஒரே சீராக. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. குழந்தை அழுது, அழுகை அடங்கி, விக்கிக்கொண்டிருந்தது.

உள்ளே போனோம். ரிக்கெ டாக்னியின் தோளில் கிடந்தாள். ஈரத்துணியை மாற்றி முடித்து, புதுத் துணியில் ஊக்கைக் குத்திக்கொண்டிருந்தான் எஸ்கில். அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் பார்த்து, என்ன நடந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

"என்ன? இவ அழுதது உங்களுக்குக் கேக்கலையா?" என்று என்னைக் கேட்டான். கிண்டலே இல்லை. உண்மையாகவே கேட்டான்.

நான் அதை மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவழியாகச் சொன்னேன்.

திருமதி ஸ்கோரூப் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். கைப்பையில் துழாவி ரப்பரை எடுத்து, பென்சிலில் இருந்த பெயரைத் தேய்த்து அழித்தாள். தூளை ஊதிவிட்டு, பேனாவால் அந்த இடத்தில் 'அம்மாவும் அப்பாவும்' என்று எழுதினாள். டாக்னி இந்தத் தடவையும் அதைத் தலைகீழாகவே படித்தாள்.

கெர்டா நெடுநேரம் விளக்கின் முன்னால் நின்றாள். நான் கொடுத்த விளக்குத்தானே இது என்றாள். ஆமாம் என்று தலையாட்டினான் எஸ்கில். அவள் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, எனக்கும் ஒரு காபி கிடைக்குமா என்று தங்கையிடம் கையால் கேட்டாள். எனக்குத் தெரிந்து அவள் தங்கையிடம் முதல்முதலாகக் கையால் பேசியது அன்றைக்குத்தான்.

நான் கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். மேலே நாற்காலியைத் தரதரவென்று இழுத்தார்கள். யாரோ யாரையோ மிதித்துக் கூப்பிட்டார்கள். நான் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துச் சீலிங்கில் இரண்டு இடி இடித்தேன். மேலேயிருந்து இரண்டு மிதி வந்தது. பிறகு இன்னும் இரண்டு, கொஞ்சம் கனமாக. அது கெர்டாவாக இருக்க வேண்டும்.